ஒரே முத்திரை, இரண்டு பார்வை

"எந்தக் கல்லூரி?"

பட்டத்தைக் கையில் ஏந்திச் செல்லும் இளைஞனை நோக்கி முதலாளி தொடுக்கும் முதற் கணை இது. என்ன கற்றாய் என்பதன்று. என்ன செய்ய வல்லாய் என்பதுமன்று. எங்கே கற்றாய் என்பதே! குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கேட்டுப் பழகிய நாட்டில் இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. கேட்போர் தம்மைப் புதுமையின் புதல்வர் என்று கூறிக்கொள்வதே வியப்பு.

அண்ணா பல்கலைக்கழகப் பொறியியற் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிண்டி வளாகத்தில் பயின்றவனுக்கும் இராமநாதபுரத்து இணைப்புக் கல்லூரியில் பயின்றவனுக்கும் பட்டம் வழங்குவது ஒரே பல்கலைக்கழகம். பொறிக்கப்படும் முத்திரையும் ஒன்றே. ஆயினும் பெருநிறுவனங்கள் கிண்டியின் வாயிலில் வரிசை பிடிக்கின்றன. இணைப்புக் கல்லூரிகள் பலவற்றின் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. முத்திரை மெய்யென்றால் இந்தக் கேள்வி ஏன்? கேள்வி மெய்யென்றால் அந்த முத்திரை எதற்கு?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டனைப் பின்பற்றி அமைந்தபோது, அதன் வேலை தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது, கற்பித்தவை கல்லூரிகளே. சி.வி. இராமன் மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 1907இல் வேலை தர முன்வந்த அரசாங்கம், கல்லூரியின் பெயரைக் கேட்டு நின்றுவிடவில்லை; நிதித்துறைக்கெனத் தனித்தேர்வு வைத்தது. முதல்வராய்த் தேறினார், கல்கத்தாவில் பதவி ஏற்றார். அந்நிய ஆட்சிக்கு இருந்த இந்தப் பொறுமைகூட நம் முதலாளிகளுக்கு இல்லையே!

கிண்டிக் கல்லூரியும் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிதான். அன்று அதில் பயின்றவரைக் 'கல்லூரிக்காரர்' என்று எவரும் தாழ்த்தவில்லை. பெயர்ப்பலகையின் மாயம் மற்றோரிடத்திலும் வெளுத்தது. 2017இல் உச்சநீதிமன்ற ஆணையையொட்டி, நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரிலிருந்து 'பல்கலைக்கழகம்' என்னும் சொல்லை நீக்க வேண்டும் என்றாயிற்று. அதே கட்டடம், அதே ஆசிரியர், அதே மாணவர். பலகையில் ஒரு சொல் குறைந்ததால் உள்ளிருந்தோரின் அறிவும் குறைந்ததோ?

முதலாளி தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. மதிப்பெண் மிகுந்தோரே வளாகத்திற்குச் செல்கின்றனர், ஆகவே அங்கே தேடுகிறோம் என்கின்றனர். சரி, அது 12ஆம் வகுப்பு மதிப்பெண் அன்றோ? பதினேழாம் வயதில் எழுதிய தேர்வை மதித்து, அதன்பின் நான்காண்டு எழுதிய தேர்வுகளையெல்லாம் தள்ளுவது எந்தக் கணக்கு?

கல்லூரிகளில் ஆசிரியரே இல்லை என்பர் மற்றொரு சாரார். இது வெறும் பழியன்று. ஒரே ஆசிரியரின் பெயர் பல இணைப்புக் கல்லூரிகளின் பட்டியலில் இடம்பெற்றிருந்த மோசடி 2024இல் அம்பலமாயிற்று. வெட்கக்கேடு! ஆனால், ஏமாற்றியது நிர்வாகம். கண்மூடி இணைப்பு நீட்டித்தது பல்கலைக்கழகம். தண்டனையோ கட்டணம் கட்டிய மாணவனுக்கு!

அவன் யார்? பெரும்பாலும் தன் குடும்பத்தின் முதற் பட்டதாரி. சென்னை விடுதிச் செலவுக்கு வழியின்றி, பேருந்தில் போய்வரும் தொலைவில் இருந்த கல்லூரியைத் தேர்ந்தவன். அவனை அழைத்து ஒரு தேர்வு வையுங்கள் என்கிறோம். தேறாவிடில் திருப்பி அனுப்புங்கள். அழைக்காமலே அனுப்புகிறீர்களே, அதைத்தான் கேட்கிறோம்.