யார் மகள் மணிமேகலை?

மணிமேகலை என்றதும் நம் மேடைகளில் அமுதசுரபியைச் சொல்வார்கள். அள்ள அள்ளக் குறையாத சோற்றைச் சொல்வார்கள். கேட்போர் கைதட்டுவார்கள், கலைவார்கள். பசிப்பிணி தீர்த்த பாவையைப் போற்ற வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அந்தப் பாத்திரம் அவள் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, நூலின் இரண்டாம் காதையிலேயே, சோற்றினும் கூரிய கேள்வி ஒன்று எழுந்துவிடுகிறது. இந்தப் பெண் யார்? யார் மகள்?

புகாரிலே இந்திர விழா. மாதவி ஆட வரவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது. கணிகையர் குலத்தில் பிறந்தவள் துறவு பூணுவதா என்று நகைக்கிறது. தாய் சித்திராபதி மனம் நொந்து, வயந்தமாலையைத் தூது விடுகிறாள். அவளிடம் மாதவி சொல்லும் மறுமொழியைத் தோழர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். மணிமேகலை கண்ணகியின் மகள், அந்தத் தொழிலுக்கு அவள் வரமாட்டாள் என்கிறாள் மாதவி.

பெற்றவள் தானாக இருக்க, மகளுக்குத் தாய் வேறொருத்தி என்கிறாள்! ஏன்? மாதவி மகள் என்றால் ஊருக்கு ஒரு தொழில் நினைவுக்கு வருகிறது. கண்ணகி மகள் என்றால் ஒரு மதிப்பு நினைவுக்கு வருகிறது. குழந்தை ஒன்றே, முகம் ஒன்றே, பெயரும் ஒன்றே. தாயின் பெயரை மாற்றினால் தலையெழுத்தே மாறும் என்றால், அந்த எழுத்தை எழுதியது பிரமனா, ஊரா? கேள்வியை எழுப்பிய சாத்தனாரைப் பாராட்டுகிறோம். ஆயினும் அவர்மீது நமக்கொரு வழக்கும் உண்டு. கோவலன் ஒருவனையே நினைந்து வாழ்ந்தவள் மாதவி. தன் பெயராலேயே மகளுக்கு மானம் தர அவளால் ஏன் முடியவில்லை? பத்தினியின் வாசலில் நின்று மானத்தை இரவல் வாங்கும் நிலையில் அவளை ஏன் நிறுத்தினார் புலவர்?

சித்திராபதியை எல்லோரும் ஏசுகிறார்கள். பேத்தியைப் பெண்டிர் சந்தைக்கு இழுக்கும் கொடியவள் என்கிறார்கள். பதினெட்டாம் காதையில் அவள் இளவரசன் உதயகுமரனிடம் ஓடுகிறாள். மணிமேகலையை உன் தேரிலே ஏற்றி வருவேன் என்று சூளுரைக்கிறாள். ஏசுவது எளிது. அந்தச் சூளுரையை முழுதும் படித்தார்களா என்பதே நம் ஐயம். தவறினால், தலையிலே செங்கல் சுமந்து ஆடரங்கைச் சுற்றி வந்து, கூத்தியர் மனை எதிலும் புக உரிமையற்ற இழிநிலையை ஏற்பேன் என்கிறாள். ஆக, ஊரார் இழிகுலம் என்று ஒதுக்கிய அந்தக் குலத்துக்குள்ளேயே ஒரு விலக்கு! வெளியே தள்ளப்பட்டவர்களுக்குள்ளும், வெளியேறத் துணிந்தவளைத் தள்ளி வைக்கும் தண்டனை! அந்த அச்சத்திலேயே வளர்ந்த கிழவி, தன் இனத்தைக் கைமாறும் யாழோடும், தேன் வற்றிய பூவை விட்டுப் பறக்கும் வண்டோடும் ஒப்பிட்டுப் பேசுகிறாள். அது அவள் பிறவிக் குணமா? சிறு வயது முதல் செவியில் ஓதப்பட்ட பாடம். அதைத் தன் குணமென்றே நம்பிவிட்டாள். கொடியவள் என்று முத்திரை குத்திவிட்டு நாம் அப்பால் போய்விட்டால், பாடம் ஓதியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அந்த மரபினுள் வளர்ந்து, அதை உதறி வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற புதினத்தை வெளியிட்டார். சித்திராபதியின் வீட்டுக்குள் விளக்கேற்றிப் பார்க்க விரும்புவோர் அதையும் படிக்க வேண்டும்.

குலம் ஒருபுறம் பிடித்து இழுக்க, முகம் மறுபுறம் பகையாகிறது. அழகுதான் மணிமேகலைக்கு முதற் சிறை. உவவனத்தில் உதயகுமரன் துரத்துகிறான். பளிக்கறைக்குள் புகுந்து தப்புகிறாள். பின்னர் காயசண்டிகை என்னும் பெண்ணின் வடிவத்தை மேற்கொள்கிறாள். வடிவு மாறியும் விடவில்லை வினை! காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வருகிறான். தன் மனைவி தன்னைப் பாராமல் வேறொருவனோடு நின்று பேசுவதாக எண்ணுகிறான். இரவில் உதயகுமரன் வர, வாளால் வெட்டி வீழ்த்துகிறான். அவள் அப்போது அந்த இளவரசனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, உடலழகு நிலையாது என்ற அறிவுரை! உருவத்தை நம்பாதே என்று ஒருத்தி இரவல் உருவத்திலிருந்து பேசுகிறாள். உருவத்தை நம்பிய ஒருவன் கொலை செய்கிறான். காப்பியத்திலே இதற்கு இணையான கட்டம் மற்றொன்று இல்லை என்போம்.

ஒன்று உண்டு, அது ஆபுத்திரன் கதை. பார்ப்பனி சாலி பெற்றுப் போட்டுவிட்டுப் போன குழந்தை. பசு ஏழு நாள் பாலூட்டியது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து வேதம் ஓதுவித்தான். வேள்விக்குக் கட்டிய பசுவை அந்தச் சிறுவன் அவிழ்த்துவிட்டானே, அதுவரை அவன் அந்தணன்! அவிழ்த்த மறுகணம் மாட்டின் மகன்! அவன் சளைத்தானா? உங்கள் முனிவர்களில் பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர் உண்டே என்று கேட்டான். தாயின் பிழையை எடுத்துச் சொன்னபோது நகைத்தான். உங்கள் மறைமுதல்வர் இருவரே தெய்வக் கணிகையின் மைந்தர் அல்லவோ என்றான். விடை இல்லை. விடை இல்லாதவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். வளர்த்தவன் வீட்டைவிட்டு விரட்டினான். ஊரார் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டார்கள். வேதம் ஓதிய நா அதேதான். கற்ற கல்வி எங்கும் போய்விடவில்லை. போனது ஊர் தந்த பெயர் ஒன்றே.

இவ்வளவு எழுதிய புலவர் பிறகு என்ன செய்தார்? இங்கேதான் நாம் அவரை விட்டு விலகுகிறோம். இளவரசன் வெட்டுண்டதற்குக் காரணம் கேட்டால், முற்பிறப்பில் அவன் கால் இடறிய சமையற்காரனை வெட்டினான், அந்த வினை என்கிறது கந்திற்பாவை. மணிமேகலையின் நெஞ்சம் அவன்பால் சாய்ந்ததற்குக் காரணம் கேட்டால், முற்பிறப்பில் இவள் இலக்குமி, அவன் கணவன் இராகுலன் என்று விடை வருகிறது. மாதவியின் மகள், கண்ணகியின் மகள் என்ற வழக்கு ஓய்வதற்குள் இராகுலனின் மனைவி என்ற புதுக்கட்டு! ஆபுத்திரனுக்குக் கிடைத்த பரிசோ இன்னும் வேடிக்கை. பிறப்பைக் காட்டி இகழப்பட்டவன், மறுபிறப்பில் சாவக நாட்டு மன்னன் மகனாக வளர்ந்து அரசாள்கிறான். பிறப்பால் வந்த இழிவுக்கு மருந்து இன்னொரு பிறப்பாம்! பிறப்பைக் கேள்வி கேட்ட சிறுவனின் வாயை அரியணையால் அடைத்துவிட்டார் சாத்தனார். பௌத்த நெறியைப் பரப்ப எழுதியவருக்கு வினைக்கணக்கு தேவைப்பட்டிருக்கலாம். நமக்குத் தேவையில்லை. வேள்விச் சாலையில் அவன் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொள்வோம். சாவகத்து முடியை அவரிடமே விட்டுவிடுவோம்.

வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கப் போகிறாள். பெண்ணாகப் போகவில்லை, ஆண் துறவியின் வடிவில் போகிறாள். இளம்பெண் என்று கண்டால் எவரும் உண்மைப்பொருளை உரைக்கமாட்டார் என்று தெய்வமே முன்கூட்டி எச்சரித்திருந்தது. அளவைவாதி முதல் பூதவாதி வரை அத்தனை பேரும் அந்த ஆண் உருவுக்கு விளக்கம் சொன்னார்கள். கேட்ட அறிவு ஒரு கணிகை மகளின் அறிவு என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்?

உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றியது 1898-இல். சில ஆண்டுகளே கழித்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர்ந்தார். தாய் தேவதாசி மரபில் வந்தவர். மாணவர் கண்ணில் படாதபடி மறைப்புக்கு அப்பால் அவருக்கு இடம் தந்தார்கள். உருமாறும் மந்திரம் எதுவும் முத்துலட்சுமியிடம் இல்லை; பெண்ணாகவே அமர்ந்து பாடம் கேட்டார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு சென்னைச் சட்டசபைக்குள் சென்று, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று, தன் முகத்தோடும் தன் பெயரோடும் வாதாடினார். தடைச் சட்டம் 1947-இல் வந்தது.