மாற்கு நற்செய்தி: கதைகூறலும் இறையியலும்

1. முன்னுரை

கி.பி. 70ஆம் ஆண்டையொட்டி எழுந்ததாக அறிஞர் பலரும் கருதும் மாற்கு நற்செய்தி, நான்கு நற்செய்திகளுள் அளவிற் சிறியது. அதன் கிரேக்க நடை எளியது. பேச்சுவழக்கின் சாயல் மிக்கது. எண்ணும்மைப் பொருள் தரும் 'காய்' என்னும் இணைப்புச்சொல் வாக்கியந்தோறும் வருகிறது. 'உடனே' என்று பொருள்படும் சொல் ஏறத்தாழ நாற்பது இடங்களில் வருகிறது. இவற்றைப் பயிற்சி குறைந்த எழுத்தின் அடையாளமாகக் கொள்ளும் போக்கு நெடுங்காலம் நிலவியது. இயேசு தம்மை மறைத்துக்கொள்ளும் பகுதிகள் இறையியற் கருத்தின் வெளிப்பாடே என்று வில்லியம் விரேட 1901இல் வாதிட்டார். பேதுரு மறுதலித்த காட்சியை எரிக் அவர்பாக் தம் 'மிமேசிஸ்' (1946) நூலில் இலக்கிய நோக்கில் ஆராய்ந்தார். கதையமைப்பே இறையியலைச் சுமக்கிறது என்றால், அவ்வமைப்பை மொழிபெயர்ப்பு என்ன செய்கிறது என்னும் வினா எழுகிறது.

2. கதைக்குள் கதை

ஐந்தாம் அதிகாரத்தில், தொழுகைக்கூடத் தலைவர் யாயிர் தம் மகள் சாகுந்தறுவாயில் இருப்பதாகக் கூறி இயேசுவை அழைக்கிறார். வழியில், பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய பெண்ணொருத்தி அவருடைய ஆடையைத் தொட்டு நலம் பெறுகிறாள். தொட்டவர் யார் என்று கேட்டு இயேசு நிற்கிறார். அதற்குள் சிறுமி இறந்துவிட்ட செய்தி வருகிறது.

இதனைக் கிளைக்கதை எனல் பொருந்தாது. கிளைக்கதை முதன்மைக் கதைக்கு விளக்கமாக நிற்பது. இங்கோ இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. பெயரும் பதவியும் உடைய தந்தை, பெயரற்ற, தீட்டுடையவளாகக் கருதப்பட்ட பெண்ணுக்காகக் காத்திருக்க நேர்கிறது. அவளை இயேசு 'மகளே' என விளிக்கிறார். சிறுமியின் வயது பன்னிரண்டு என்பது இறுதியிலேதான் கூறப்படுகிறது. நம்பிக்கை என்பது காத்திருத்தல் என்னும் கருத்து எங்கும் விதியாக உரைக்கப்படவில்லை. யாயிருடன் சேர்ந்து படிப்பவரும் காத்திருக்கின்றனர்.

3. எச்சத் தொடரும் காலமும்

அப்பெண் அறிமுகமாகும் வாக்கியத்தில் ஏழு எச்ச வடிவங்கள் அடுக்கி வந்த பின்னரே 'தொட்டாள்' என்னும் முற்று வருகிறது. முற்றுகளையே 'காய்' கொண்டு கோத்துச் செல்லும் மாற்கின் நடையில் இது அரிது. பன்னிரண்டு ஆண்டுத் துன்பம் ஒரே செயலில் வந்து முடிவதை வாக்கியமே காட்டுகிறது.

தமிழுக்கு எச்சத் தொடர் இயல்பானது. எனவே இவ்வாக்கியம் எளிதில் மொழிபெயரும். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. சுற்றியுள்ள வாக்கியங்களையும் மொழிபெயர்ப்பாளர் எச்சங்களாக்கி இணைப்பாராயின், எல்லாம் ஒரே தன்மையவாகி, மூலத்தின் வேறுபாடு மறைந்துவிடும். இவ்விடத்தின் நெடுமையைக் காக்க, முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சிறு முற்றுகளாக நிறுத்துதல் வேண்டும்.

இறந்தகாலத்தில் செல்லும் கதை யாயிரின் வீட்டை அடைந்ததும் நிகழ்காலத்திற்கு மாறுகிறது. இத்தகைய நிகழ்காலம் இந்நூலில் ஏறத்தாழ நூற்றைம்பது முறை வருகிறது. மத்தேயுவும் லூக்காவும் இணையான பகுதிகளில் பெரும்பாலும் இதனைத் தவிர்த்தனர். விரைவு முதலிய காரணங்களால் காலம் மயங்கி வருதலை நன்னூல் அமைதியாக ஏற்கிறது. ஆதலால் நிகழ்காலத்தை நீக்குவதற்குத் தமிழ் இலக்கணத்தைக் காரணம் காட்ட இயலாது.

சிறுமியிடம் இயேசு கூறிய அரமேயத் தொடரை மாற்கு ஒலிவடிவில் தந்து, பொருளையும் உடன் தருகிறார். கதைசொல்பவரே இங்கு மொழிபெயர்ப்பாளர். அந்நியச் சொல்லின் ஒலியை அவர் அழிக்கவில்லை.

4. முடியாத முடிவு

நான்காம் நூற்றாண்டுச் சினாய், வத்திக்கான் சுவடிகளில் இந்நூல் 16:8உடன் முடிகிறது. கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் அச்சத்தால் எவரிடமும் எதுவும் கூறவில்லை. பிற்காலச் சுவடிகள் பலவற்றில் காணப்படும் பன்னிரண்டு வசனங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் பெரும்பான்மையோர் முடிபு. யாயிரின் வீட்டில் மௌனம் கட்டளையாக இருந்தது. இங்கே பேசுதல் கட்டளை, ஆனால் மௌனமே நிகழ்கிறது. எனினும் கதை சொல்லப்பட்டுவிட்டது. அம்மௌனத்தை உடைக்கும் பொறுப்பு படிப்பவரிடம் வந்து சேர்கிறது.

மூலத்தின் இறுதிச் சொல் 'கார்' என்னும் காரண இடைச்சொல். அது வாக்கியத்தின் முதலில் வாராது. எனவே இருசொல் தொடரில் இறுதியில் நிற்றல் கிரேக்கத்தில் வழுவன்று. ஆயினும் நூலின் முடிவாக அது திடுக்கிடச் செய்கிறது. 'ஏனெனில்' என்று தொடங்கி முற்றில் முடித்தால் கதை அடங்கிவிடும். 'அஞ்சினர் ஆதலின்' என நிறுத்தின் மூலத்தினும் சற்று மிகையாகும். எனினும் 'மாறே' என்னும் காரணச் சொல்லோடு முடியும் சங்கப் பாடல்கள் தமிழில் உள. அவ்வமைப்பு தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. அடங்கிய முடிவினும் இச்சிறு மிகையே மூலத்திற்கு நெருக்கமானது.

5. முடிவுரை

தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறிய 1714-15ஆம் ஆண்டுகள் தொட்டு, தமிழ் விவிலியம் குறித்த விவாதங்களில் கலைச்சொல் தேர்வு பெரிதும் இடம்பெற்றுள்ளது. 'கடவுள்', 'தேவன்', 'பராபரன்' என்னும் சொற்களை எடைபோடுவதோடு, எச்சம், முற்று, காலம், இறுதி இடைச்சொல் ஆகியவற்றையும் எடைபோடுதல் வேண்டும். மாற்கைப் பொறுத்தவரை, அவற்றை ஒழுங்குபடுத்தும் மொழிபெயர்ப்பு நடையை மட்டுமன்றி இறையியலையும் திருத்திவிடுகிறது.