சிலுவையடியில் நின்ற தாய்

புரட்சியைப் போற்றும் கவிதைகள் பெரும்பாலும் போராடிய ஆடவரின் வீரத்தையே பாடுகின்றன. புரட்சி தன் மக்களையே விழுங்கத் தொடங்கியபோது, சிறைவாயிலில் காத்துநின்ற பெண்களைப் பாடியவர் ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மாத்தோவா (1889–1966). இவருடைய முதற்கணவர் குமிலியோவ் 1921ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் லேவ் 1935, 1938, 1949 ஆகிய ஆண்டுகளில் சிறைப்பிடிக்கப்பட்டார். லெனின்கிராடில் 17 மாதங்கள் சிறைவாயில் வரிசைகளில் நின்ற துயரமே ‘ரெக்வியம்’, அதாவது மரித்தோர்க்கான வழிபாட்டுப்பா, என்னும் கவிதைத் தொடராயிற்று. எழுதிவைப்பது ஆபத்தாயிருந்தமையால் நண்பர்கள் அதனை மனனம் செய்தனர்; எழுதிய தாள்கள் எரிக்கப்பட்டன. 1963இல் மியூனிக் நகரில் வெளிவந்த இந்நூல், சோவியத் நாட்டில் 1987இல்தான் முழுமையாக அச்சேறிற்று.

இதன் பத்தாம் பகுதி சிலுவைக் காட்சியாகும். மகதலேனாளின் அழுகையும் சீடனின் திகைப்பும் அங்கே கூறப்படுகின்றன. தாயின் துயரமோ வருணிக்கப்படவில்லை. அவர் நின்ற இடத்தைச் சுட்டுவதோடு கவிஞர் அமைகிறார். யோவான் 19:25ம் அவ்வாறே அவர் நின்றதை மட்டும் உரைத்து, அவர் வாயில் ஒரு சொல்லும் வைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

இப்பகுதியின் முகப்பில், கீழைத் திருச்சபையின் பரிசுத்த சனி வழிபாட்டுப் பாடலொன்றின் தொடக்கம் எடுத்தாளப்பட்டுள்ளது. கல்லறையிலுள்ள மகன் தாயைத் தேற்றும் பாடல் அது. வழிபாட்டில் அது உயிர்த்தெழுதலின் வாக்குறுதிவரை செல்கிறது. கவிஞரோ அதற்கு முன்னரே நிறுத்திவிடுகிறார். இது விசுவாசக் குறைவு எனச் சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. மகன் இன்னும் சிறையிலிருக்க, வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் இடையே நிற்கும் தாயிடம் ஞாயிற்றின் பாடலை எவ்வாறு கேட்பது? ஆறுதல் ஏற்க மறுத்த ராகேலையும் மத்தேயு கடிந்துகொள்ளாமலே குறிப்பிடுகிறார்.

கவிஞரைப் புனிதராக்குதல் நம் நோக்கமன்று. மகனைக் காக்கும்பொருட்டு 1950ஆம் ஆண்டு ஆட்சியாளரைப் புகழ்ந்தும் அவர் கவிதைகள் எழுதினார். எனினும் மகன் விடுதலையானது 1956இல்தான். அப்புகழ்ச்சிக் கவிதைகளில் உயிரில்லை. ஆயினும் ஒரு தாய் தன் சொல்லையே ஈடாகக் கொடுக்க நேர்ந்த கொடுமைக்கு அவையும் சாட்சிகளே.

மரியாளுக்குச் செலுத்தப்படும் மிகையான வணக்கத்திற்கு அஞ்சி, சீர்திருத்தச் சபையினராகிய நாம் சிலுவையடியில் அவர் நின்ற இடத்தையே மறந்தோம். அதன் விளைவு நம் ஊழியத்தில் தெரிகிறது. பிள்ளையை இழந்த தாய் கதறுகையில், உயிர்த்தெழுதலின் வசனத்தை அவசரமாய்க் கூறி அவரது அழுகையை அடக்குகிறோம். நானும் அவ்வாறு செய்ததுண்டு. வாக்குறுதி மெய்யே. ஆனால் அதனை உரைக்குமுன் அத்தாயின் அருகே சற்று நிற்பதும் ஊழியமே. அதனை எனக்குக் கற்பித்தது இக்கவிதை.