இளம்பஞ்சவரின் தாய்

செஞ்சியில் ஊரறிந்த பெண்கள் இரண்டு பேர். இருவரையும் நெருப்பை வைத்துத்தான் ஊருக்குத் தெரியும். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி 22 வயதில் செத்துப்போன தேசிங்குராஜனின் சிதையில் ஏறியவள் ராணிபாய். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். இன்னொருத்தி நெருப்பிலிருந்தே பிறந்தவள், மேலச்சேரி திரௌபதி அம்மன். பழைய செஞ்சி என்று சொல்லப்படும் அந்த ஊர்க் கோயிலைத்தான் வடதமிழ்நாட்டின் எத்தனையோ திரௌபதி கோயில்களுக்கு ஆதிக்கோயில் என்று பக்தர்கள் கருதுகிறார்கள். ஒருத்தி நெருப்புக்குள் போனாள், ஒருத்தி நெருப்பிலிருந்து வந்தாள். இடையில் ஒரு பெண் அடுப்பு நெருப்பின் முன்னால் உட்கார்ந்து பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சியதைச் சொல்லும் கதை எதையும் நான் இந்த ஊரில் கேட்டதில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சிக்கோட்டை ஒன்றுதான். அதன்பிறகு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மலைமலையாகக் காட்டி முற்றுகைக் கதை சொல்கிறவர்கள் கூடிவிட்டார்கள். முகலாயப் படை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1698இல் கோட்டையைப் பிடித்தது, அதற்குள் ராஜாராம் தப்பி வேலூருக்குப் போய்விட்டார், அவருடைய மனைவியரும் பிள்ளைகளும் பிடிபட்டார்கள். வரலாற்று நூல்களில் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது ஒரு வரி. முற்றுகைக்குள் அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததா, பல் முளைத்ததா, தானியக் களஞ்சியத்தின் கணக்கு எந்தத் தாயின் வயிற்றைக் கலக்கியது என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்காது. அரசவரலாறு அப்படித்தான் எழுதப்படும், அதில் எனக்கு வியப்பில்லை. மக்கள் வழக்கு, அதிலும் ஒரு பெண்ணையே தெய்வமாக வைத்து ஆடும் கூத்தும் ஏன் அப்படியே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பாரதக்கூத்து தெரியாத மாணவிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் தெருக்கூத்து நடக்கும். வில் வளைப்பு, பகடை துயில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று கதை நகர்ந்து பதினெட்டாம் போரில் முடியும். விடிந்ததும் படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனனின் தொடையைப் பீமன் பிளப்பான், அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1988இல் வந்தது, செஞ்சியிலிருந்துதான் அது தொடங்குகிறது. அவருடைய கேள்வி தேவியைப் பற்றியது. எனக்கு வேண்டியது அவளைவிடச் சின்ன ஆள். ஐந்து பிள்ளைகளின் தாய்.

ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள் என்பதே பலருக்கு நினைவில்லை. பிரதிவிந்தியன், சுதசோமன், சுருதகர்மன், சதாநீகன், சுருதசேனன். தமிழில் மொத்தமாக இளம்பஞ்சவர். ஐந்து கணவர்களைப் பற்றி ஆயிரம் கேலியும் ஆயிரம் தத்துவமும் பேசுகிற ஊரில் இந்த ஐந்து பெயரையும் சொல்லக் கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் பிறந்த விதத்தைப் பற்றி இப்பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. அவள் கருவுற்றுப் பெறவில்லையாம். கையில் நகம் கீறி விழுந்த ஐந்து சொட்டு இரத்தம் ஐந்து பிள்ளைகள் ஆனதாம். அம்மன் கன்னியாகவே இருக்கவேண்டும் என்ற பக்தியின் கவலை இதில் தெரிகிறது. ஆனால் கதை எதையெல்லாம் சேர்த்துத் துடைத்துவிட்டது என்று பாருங்கள். மசக்கை, வலி, பால் கட்டுவது, இரவெல்லாம் விழித்திருப்பது எதுவும் இல்லை. தாய்மை வேண்டும், தாயின் உடம்பு வேண்டாம்.

இதைவிட எனக்கு வியப்புத் தருவது திரௌபதி குறவஞ்சி. திரௌபதி குறத்தி வேடம் போட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு அத்தினாபுரத்துக்குக் குறி சொல்லப் போகிறாள். கௌரவர் வீட்டுப் பெண்கள் கை நீட்டுகிறார்கள். கூட்டம் சிரித்து மகிழும் இடம் இது. கதையின் ஒரு வடிவத்தில் அந்தக் கைக்குழந்தை யார் தெரியுமா? சகாதேவன். சோதிடம் அறிந்த கணவன் குழந்தையாகி இடுப்பில் ஏறிக்கொள்கிறான். ஐந்து பிள்ளை பெற்றவளைப் பிள்ளையும் இடுப்புமாக நாம் பார்க்கக் கிடைக்கும் ஒரே காட்சியில் இடுப்பில் இருப்பது புருஷன். சிரிக்கத்தான் வேண்டும். வீட்டில் எத்தனை பேர் இப்படித் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு தனியாக எழுவதையும் கேட்டிருக்கிறேன்.

கூத்துக்குத் தாயைக் காட்டத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. கர்ண மோட்சத்தில் குந்தி களத்துக்கு வந்து சாகும் மகனை மடியில் போட்டு அழுதால் விடியற்காலைக் கூட்டமே கலங்குகிறது. அபிமன்யு செத்தால் சுபத்திரைக்கு அழ நேரம் கிடைக்கிறது. திரௌபதிக்கு மட்டும் கிடைப்பதில்லை. அவள் கண்ணீரை எல்லாம் கூந்தல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆனால் மூலக்கதை அப்படி இல்லை. வியாச பாரதத்தின் சபா பருவத்தில், துகிலுரிதல் முடிந்து, திருதராட்டிரன் பயந்துபோய் வரம் கேள் என்கிறான். திரௌபதி கேட்கும் முதல் வரம் யுதிஷ்டிரனின் விடுதலை. காரணமும் சொல்கிறாள்: என் மகன் பிரதிவிந்தியனை மற்றப் பிள்ளைகள் அடிமையின் மகன் என்று கூப்பிடக் கூடாது. அந்தச் சபையில், அந்த நிலையில், அவள் மனம் போன இடம் பிள்ளைகள் விளையாடும் தெரு. நாளைக்கு அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்ற கவலை. பள்ளிக்கூட வாசலில் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வருவதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இந்த வரத்தின் பொருளை விளக்க வேண்டாம். நான் பார்த்த பகடை துயில் எதிலும் இந்த வரி இல்லை. அண்ணன் தங்கை பாசம் இருந்தது, சபதம் இருந்தது, ஆடிக் களைத்த கலைஞர் மயங்கி விழும் உக்கிரம் இருந்தது. பாரதியும் பாஞ்சாலி சபதத்தைச் சபதத்தோடு நிறுத்திக்கொண்டார், வரத்துக்குப் போகவில்லை. அவருக்கு அவள் நாடு. நாட்டுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எதற்கு?

பெண்ணியத் திறனாய்வும் இதையே தொடர்ந்தது என்பது என் குறை. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதை 1978இல் வந்து, துணியை மறுத்து நிற்கும் பெண்ணை நமக்குத் தந்தது. அதன் வலிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கருத்தரங்கக் கட்டுரைகளில் திரௌபதி என்றாலே கோபம், உடல், எதிர்ப்பு. பிள்ளைக்குத் தலைவாரி அனுப்புகிற கைக்கு அரசியல் இல்லை என்று யார் முடிவு செய்தது?

பன்னிரண்டு ஆண்டு வனவாசம், ஓராண்டு மறைவாழ்வு. இதைப் பேசும்போது காட்டில் அவள் பட்ட பாட்டைப் பேசுகிறோம். அந்தப் பதின்மூன்று ஆண்டும் பிள்ளைகள் அவளோடு இல்லை என்பதைப் பேசுவதில்லை. தாய்மாமன் திருட்டத்துயும்மன் பாஞ்சாலத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே இருப்புக் கொள்ளாமல் அவர்கள் துவாரகைக்குப் போய்விட்டார்கள். அங்கே சுபத்திரை தாய்போலப் பார்த்துக்கொள்கிறாள் என்று கண்ணனே வந்து காட்டில் அவளிடம் சொல்கிறான், நல்ல செய்தியாக. எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. விழுந்த பால்பல்லை எறியக் கூரைக்குக் கீழே அவள் இல்லை. காக்கா காட்டிச் சோறு ஊட்டியவள் அவளில்லை. குரல் உடைந்தபோது, மீசை அரும்பியபோது அருகில் இருந்தது வேறொருத்தி. சுபத்திரையும் சும்மா இல்லை. தன் பிள்ளையோடு சக்களத்தியின் பிள்ளைகள் ஐவர் என்றால் ஆறு பேர். அந்த வீட்டின் காலைநேரத்தை யாராவது பாடியிருக்கிறார்களா?

பாடியிருக்கிறார்கள், கூத்தில் அல்ல, தாலாட்டில். செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில் களைவெட்டப் போகிறவள் வரப்போரப் புங்கமரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போவாள். பிள்ளை அழுதால் ஓடிவந்து ஆட்டிவிட்டு மறுபடி வெயிலுக்குப் போவாள். அவள் பாடும் தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவருவான், அத்தை அடித்திருப்பாள், பொன்னும் முத்தும் கொட்டிக்கிடக்கும். கேட்பவர்கள் அதைத் தாய்ப்பாசம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது தாயின் கணக்கேடு. பிறந்த வீடு தனக்குத் தரவேண்டியது எவ்வளவு, புகுந்த வீட்டில் தன்னைப் படுத்துவது யார் என்பதெல்லாம் பிள்ளையின் காதில்தான் சொல்லப்படுகிறது, ஏனென்றால் வேறு யாரும் கேட்பதில்லை. கூடவே சந்தோஷமும் அதில்தான் இருக்கிறது. பிள்ளையின் நெற்றி, உதடு, கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வியக்க அவளுக்குக் கிடைத்த நேரம் அந்த ஏணைக் கயிறு கையில் இருக்கும் நேரம் மட்டுமே.

அதே குரல் ஒப்பாரிக்கும் போகும். ஆனால் சின்னப் பிள்ளை செத்தால் ஒப்பாரிக்கு இடமில்லை. பெரும்பாலும் பறையும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. யாராவது ஓர் ஆண் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வருவார். தாய் வாசல் வரைக்கும்தான். செஞ்சியை அடுத்த ஒரு கிராமத்தில் படுகளத்தன்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், காந்தாரி வேடக்காரர் துரியோதனனுக்காக ஒப்பாரி வைத்தபோது வாய்விட்டு அழுதார். துரியோதனனுக்கா அழுகிறீர்கள் என்று பிறகு கேட்டேன். மூன்று வயதில் காய்ச்சலில் போன மகனைச் சொன்னார். "அப்ப வயித்துல இன்னொன்னு இருந்துச்சி. அழாத, அதுக்கு ஆவாதுன்னு வாய அடைச்சிட்டாங்க. இங்க அழுதா யாருக்காக அழுவறன்னு யாரும் கேக்கமாட்டாங்கம்மா." அப்புறம் அவன் எப்படிக் கருவாட்டுக் குழம்பு என்றால் மட்டும் இரண்டு கை சோறு கூடத் தின்பான் என்று சொல்லிச் சிரித்தார்.

படுகளத்தில் அவர் அழுதது பிழைத்த மகனைத் தேடும் தாய்க்காக அல்ல, எதிரியின் தாய்க்காக. ஏனென்றால் அங்கே அழுவதற்கு விடப்பட்ட தாய் காந்தாரிதான். அசுவத்தாமன் இரவில் புகுந்து தூங்கிக்கொண்டிருந்த இளம்பஞ்சவரைப் பாண்டவர் என்று நினைத்துத் தலையறுத்துவிட்டான் என்று பிரசங்கியார் சொல்லிக்கொண்டே போவார். சில கோயில்களில் ஐந்து பேரை வெள்ளைத்துணி போர்த்திப் படுகளத்தில் கிடத்தி, மஞ்சள் நீர் தெளித்து எழுப்புகிறார்கள். அம்மனின் சக்தி என்று ஊர் கையெடுக்கிறது. செத்தவர்களை அவ்வளவு சீக்கிரம் எழுப்பிவிட்டால் அழுவதற்கு நேரம் ஏது? வியாசர் குறைந்தபட்சம் அவளை மண்ணில் உட்கார்ந்து சாகும்வரை உண்ணாமல் இருப்பேன் என்று சொல்லவிட்டார்.

செஞ்சி வாத்தியார்களில் ஒருவராவது ஓர் இரவைப் புதிதாகக் கட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. விராட பருவம் முடிந்து அபிமன்யுவின் கல்யாணத்துக்கு எல்லோரும் உபப்பிலாவியத்தில் கூடுகிறார்கள். பாட்டன் துருபதனோடு அந்த ஐந்து பேரும் வருகிறார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்துத் தாயும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தை வியாசர் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டார், யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலோடு. திரைபிடித்து ஐந்து இளைஞர்கள் வரட்டும். கட்டியங்காரன் அவர்களை வரிசையாக நிறுத்தி, இவர்களில் மூத்தவன் யார் சொல்லம்மா என்று கேட்கட்டும். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஆர்மோனியத்தை அதுவரை நிறுத்திவைக்கலாம்.