26ஆம் தேதி மிச்சம்

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு மேஜையில் இரண்டு ஒயின் இருந்தது. ஒன்று, ஒரு மாலுக்குள் இருக்கும் கடையில் அரைமணி நேரம் நின்று லேபிள் லேபிளாகப் படித்து நான் வாங்கிவந்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயின். 'காசுக்கு மதிப்பான உலக ஒயின்கள்' என்ற பட்டியல் ஒன்றை நம்பி எடுத்தது. இன்னொன்று, எதிர்வீட்டு அக்கா நவம்பரில் ஊறுகாய் ஜாடியில் போட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வடிகட்டிக் கொடுத்த திராட்சை ஒயின். 26ஆம் தேதி காலையில் ஹார்லிக்ஸ் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. பிரெஞ்சு பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அது ஃபிரிட்ஜ் கதவிலேயே பொங்கல் வரை நின்று, புளித்துக் காடியாகி, தொட்டியில் கொட்டப்பட்டது.

எது காசுக்கு மதிப்பானது என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தேன்.

பண்டிகைக் காலத்தில் வெளியாகும் ஒயின் பட்டியல்களை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றுக்குள் ஒரு நல்ல தர்க்கம் இருக்கிறது. புகழ்பெற்ற ஊரின் பெயருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடி. அதே திராட்சையை, அதே முறையை, பெயர் பெறாத ஊரில் தேடு. பிரான்சின் ஷாம்பெயின் மாகாணத்தில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து நுரை வரவழைக்கிறார்கள். ஸ்பெயினின் காவாவும் அதே முறையில்தான் தயாராகிறது. விலையோ ஷாம்பெயினுடையதில் ஒரு பங்குதான். போர்தோவின் காபர்நே திராட்சை சிலியின் மலையடிவாரத்திலும் நன்றாகவே பழுக்கிறது. அங்கே நிலம் மலிவு. லண்டனிலோ டொரான்டோவிலோ இருப்பவருக்கு இது பலிக்கும் அறிவுரை. நம்மூர்க்காரர்கள் அங்கே இருந்தால் தாராளமாகப் பின்பற்றலாம்.

நாங்கள் இருக்கும் சென்னைப் புறநகர் திருமுல்லைவாயிலில் அது பாதிதான் பலிக்கிறது. காரணம் தோட்டத்தில் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது.

வெளிநாட்டு ஒயினுக்குப் பொதுவான இந்தியச் சுங்கம் 150 சதவீதம். 2021 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 50 சதவீதச் சுங்கம், 100 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரி என்று இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டினால் அதே 150தான். இந்த வரி ஒயினுக்கு மட்டும் விழுவதில்லை. கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்ந்த மதிப்பின்மேல் விழுகிறது. 400 ரூபாய்க்கு வந்து இறங்கும் ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கம் கட்டிய கணமே அது 1,000 ரூபாய். அதற்கு மேல் மாநில வரி, லேபிள் பதிவுக் கட்டணம், இறக்குமதியாளர் பங்கு, கடைப் பங்கு. அந்த முதல் 400 ரூபாயிலும் கண்ணாடி, தக்கை, அட்டைப்பெட்டி, கப்பல் இடம் போக உள்ளே இருக்கும் சாற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம். கண்ணாடிக்கும் கூலிக்கும் ஆகும் செலவு மலிவு பாட்டிலுக்கும் உயர்ந்த பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இறக்குமதிச் சரக்கில் மிக மலிவானது எதுவோ, அதில்தான் நம் காசு சாற்றுக்குப் போகாமல் கண்ணாடிக்கும் கூலிக்கும் அவற்றின்மேல் விழும் வரிக்கும் அதிகம் போகிறது. நான் வாங்கிய பிரெஞ்சு பாட்டில் அந்த வகை. அதன் சொந்த ஊரில் அது செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின். என் மேஜையில் அது பண்டிகை விருந்தாளி.

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகுவதைப் புறநானூறு பாடுகிறது. கடல் தாண்டி வந்த மது அன்றைக்கும் அரசன் வீட்டுப் பண்டம்தான். கடந்துவந்த வழியே விலையைத் தீர்மானிக்கிறது என்பது நமக்குப் புதிதல்ல.

அந்த வழியில் ஒரு குறுக்குச்சந்து திறந்தது. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தத்தில், இறக்குமதி விலை 5 டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சுங்கம் உடனே 100 சதவீதமாக இறங்கியது. பத்தாண்டுகளில் 50 ஆகும். 15 டாலருக்கு மேற்பட்டதற்கு உடனே 75, பத்தாண்டுகளில் 25. ஐந்து டாலருக்குக் கீழே சலுகையே இல்லை. மலிவு பாட்டிலை வாங்காதே என்று அரசாங்கமே அட்டவணை போட்டுச் சொல்வது மாதிரி இருக்கிறது. சென்னையில் 'உலக ஒயின்' தேடுபவர் நாட்டைத் திராட்சையை வைத்து முடிவு செய்வதைவிட ஒப்பந்தத்தை வைத்து முடிவு செய்வது புத்திசாலித்தனம். எந்த வெளிநாட்டுப் பட்டியலும் இதைச் சொல்லாது. அவர்கள் நமக்காக எழுதவில்லை.

சுங்கமே இல்லாத ஒயின் நம்மிடமும் இருக்கிறது. கன்வல் குரோவர் 1988இல் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் தொடங்கிய நிறுவனமும், ராஜீவ் சமந்த் 1999இல் நாசிக்கில் தொடங்கிய சுலாவும், பிறகு சோலாப்பூர் பக்கம் வந்த ஃபிரடெல்லியும் எடுத்துக்காட்டுகள். வெப்ப மண்டலத்தில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, காய்ப்பைக் குளிர் மாதங்களுக்குத் தள்ளி, பிப்ரவரி, மார்ச் வாக்கில் அறுவடை செய்கிறார்கள். வெயில் ஏறினால் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். அந்தப் புளிப்பைக் காப்பாற்றுவதில்தான் தொழில் இருக்கிறது. என் நாக்குக்கு இந்திய வெள்ளை ஒயின்களில், குறிப்பாக ஷெனன் பிளாங்கில், கொடுத்த காசு தெரிகிறது. சிவப்பில் அந்த உறுதியை என்னால் தர முடியாது.

நம் ஊரில் மதிப்பை அளக்கும் கோலே வேறு என்பது அடுத்த சிக்கல். 'ஒயின்ஷாப்' என்று நாம் சொல்லும் கடைகளில் ஒயின்தான் ஆக அபூர்வம். 1983இல் மொத்த விற்பனைக்குத் தொடங்கப்பட்டு, 2003 நவம்பரிலிருந்து சில்லறையையும் கையில் எடுத்த டாஸ்மாக்கின் வாடிக்கையாளர் கணக்கு எளிமையானது: இந்தக் காசுக்கு எவ்வளவு போதை? 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதச் சாராயம், அதாவது சுமார் 77 மில்லி. 750 மில்லி ஒயின் பாட்டில் முழுக்கக் குடித்தாலும், 12 சதவீதம் என்றால் 90 மில்லி. விலையைச் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தராசில் ஒயின் பிராந்திக்கு முன்னால் தோற்கும். ஒயினைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் இந்தத் தராசைக் கீழே வைத்தாக வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா அதை எப்போதோ கீழே வைத்துவிட்டார். பெரம்பூர், அயனாவரம் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டேங்க் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்து தங்கிய கிறிஸ்தவக் குடும்பங்களும் ஆண்டாண்டாய்ப் போட்டுவரும் ஒயின் இது. ஒரு கிலோ பன்னீர் திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் ஆறவைத்த நீர், ஒரு பிடி கோதுமை, பேக்கரி ஈஸ்ட், பட்டை, கிராம்பு. ஜாடியின் வாயில் துணி கட்டி, தினமும் கட்டைக் கரண்டியால் கிளறி, 21ஆம் நாள் வடிகட்டுவது. திராட்சை பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். ஜாடியைத் திறந்தால் வரும் ரோஜா வாசனை அந்த ரகத்துக்கே உரியது.

இதன் பலம் வெளிப்படை. கப்பல் கூலி இல்லை, சுங்கம் இல்லை, கண்ணாடிக்குத் தனி விலை இல்லை. காசு முழுவதும் பழத்துக்கும் சர்க்கரைக்கும் போகிறது. யார் குடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து போடப்படுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டரில் ஒரு சதவீதச் சாராயம் உண்டாக ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை போதும். 12 சதவீதத்துக்கு 200 கிராம் சொச்சம். கிலோவுக்குக் கிலோ போடும் வீட்டில், பழச்சாறு, நீர், கரைந்த சர்க்கரை எல்லாம் சேர்ந்து இரண்டேகால் லிட்டர் அளவுக்கு வரும். பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தால் லிட்டருக்கு 450 கிராமைத் தாண்டும். அவ்வளவு இனிப்பில் ஈஸ்டே திணறிப்போகும். அது 12 சதவீதம்வரை தம் பிடித்து உழைத்தாலும், லிட்டருக்குக் கால் கிலோ சர்க்கரை அப்படியே நிற்கும். போர்ட் ஒயினிலும் கோலாவிலும் லிட்டருக்கு 100 கிராம் வாக்கில்தான் இருக்கிறது. நாம் குடிப்பது சாராயம் கலந்த சர்பத். அதில் எவ்வளவு சாராயம் என்பது போட்டவருக்கே தெரியாது. நொதித்து முடியுமுன் இறுக மூடினால் பாட்டில் வெடிக்கும். கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பண்டிகை ஜாடி என்று அதில் தனி விலக்கு கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். ஜாடித் திராட்சை அந்த வகை அல்ல. ஆனாலும் யார் எதைக் கலந்தார்கள் என்று தெரியாத இடத்திலிருந்து 'வீட்டு ஒயின்' வாங்காமலிருக்க அந்தச் சம்பவம் போதுமான காரணம்.

அப்படியானால் ஹார்லிக்ஸ் பாட்டில் ஏன் காலியானது? சர்க்கரை மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். எங்கள் மேஜையில் மட்டன் பிரியாணியும் காரமான பன்றிக்கறி வறுவலும் இருந்தன. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும். சாராய அளவு கூடினால் இன்னும் எரியும். கொஞ்சம் இனிப்பும் குளிர்ச்சியும் அதைத் தணிக்கும். அக்கா இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அதே வறுவலை அவரும் செய்கிறார், அவ்வளவுதான்.

கம்பெனிக் காலத்து மதராஸ் வெள்ளையர்கள்கூட இந்தப் பாடத்தைக் கற்றார்கள். அவர்கள் விரும்பிக் குடித்தது மடெய்ரா. கப்பலின் வயிற்றில் வெப்ப மண்டலம் தாண்டி வரும்போது மற்ற ஒயின்கள் கெட்டன. சாராயம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய மடெய்ரா சூட்டில் மேலும் தேறியது. பீப்பாயைத் திறந்த பிறகும் அது எளிதில் கெடுவதில்லை. ஊரின் வெயிலுக்கு ஒத்துப்போகும் ஒயின் எது என்று அவர்கள் பார்த்தார்கள்; நாம் லேபிளைப் பார்க்கிறோம்.

ஆகவே ஜாடி சொல்லும் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டில் பக்கம் திரும்பலாம். காரச் சாப்பாட்டுக்கு இத்தாலியின் மொஸ்காடோ தாஸ்தி பொருந்தும். சாராயம் ஐந்தரை சதவீத அளவில்தான். அதுவும் மஸ்கட் குடும்பத் திராட்சை, பன்னீர் வாசனைக்கு ஒன்றுவிட்ட உறவு. ஜெர்மனியின் மோசெல் ரீஸ்லிங் இன்னொன்று. சுங்கத்தை எண்ணினால் நாசிக் ஷெனன் இவற்றைவிட மதிப்பு. சிவப்புதான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியா. 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்ற வாசகம் ஐரோப்பாவின் 17, 18 டிகிரி அறையைச் சொல்கிறது. நம் கூடத்தின் 30 டிகிரியை அல்ல. சிவப்பானாலும் அரைமணி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மலிவு வெள்ளையில் ஆண்டைப் பார்க்க வேண்டும்; பழையது சிறந்தது என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. விளக்கடியில் வெக்கையில் நெடுநாள் நின்ற தக்கை பாட்டிலைவிடத் திருகுமூடி பாட்டில் பாதுகாப்பு.

ஆக மதிப்பான வழி ஒன்று பல வீடுகளில் வீணாகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி சுங்கமில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மச்சான் அதை விஸ்கியிலேயே தீர்த்துவிடுகிறார். சுங்கமே விழாத வெளிநாட்டு ஒயின் அவர் பையில் வரக்கூடியது. ஒரு போர்ட் பாட்டிலாவது கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, நான் தொடங்கிய அளவுகோலையே சோதிக்க வேண்டும். மிச்சமில்லாமல் காலியானதுதான் மதிப்பானது என்ற நினைப்பில்தான் தொடங்கினேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இனிப்பு சாராயத்தை மறைக்கிறது. டம்ளரில் ஊற்றி மடமடவென்று குடித்தவர்கள் எத்தனை அளவு குடித்தோம் என்று எண்ணவில்லை. அன்றிரவு சித்தப்பா பைக் சாவியை எடுத்தபோது அதை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. எங்கள் பகுதியின் சி.டி.எச். சாலையில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இரண்டு டம்ளர் ஜாடி ஒயின் அதைத் தாண்டிவிடக்கூடும். காலி பாட்டில் நல்ல ஒயினுக்குச் சாட்சி சொல்லலாம், அளவு தவறிய இரவுக்கும் சொல்லலாம்.

அதனால் இந்த ஆண்டு கணக்கை மாற்றிவிட்டேன். பாட்டிலில் மிச்சம் இருக்கட்டும். ஆனால் அந்த மிச்சம் 26ஆம் தேதியும், 31ஆம் தேதியும் குடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாங்கியிருப்பது ஒரு நாசிக் ஷெனன், திருகுமூடி. மச்சான் பையில் ஒரு சின்னப் போர்ட். அக்காவிடம் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன்.

"அப்புறம் அது யார் வீட்டு ஒயின்?" என்று கேட்டுவிட்டு ஜாடியைக் கிளறப் போய்விட்டார்.