முதல் புத்தகத்தைக் கையில் கொடுப்பவர்

"படிக்கிற பழக்கமே இல்லை. ஏதாவது ஒரு நாவல் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் போதும், தமிழ் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் கட்சி யோசிக்காமல் 'பொன்னியின் செல்வன்' என்கிறது. ஐந்து பாகங்களையும் வாங்கிப் போனவர்களில் எத்தனை பேர் கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டினார்கள் என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் கட்சி, "ரமணிசந்திரனின் காதல் நாவலில் ஆரம்பியுங்கள்; பயப்படப் பிடிக்குமென்றால் இந்திரா சௌந்தர்ராஜனின் பேய்க்கதை" என்கிறது. இலக்கியக் கூட்டங்களில் இரண்டாம் கட்சிக்கு மரியாதை குறைவு. ஆனாலும் புதிய வாசகரின் மனசு அதற்குத்தான் தெரியும் என்பது என் கட்சி. அந்த அறிவு எங்கே உதவுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் முறை படிக்க வருபவரின் சிக்கல் மொழியும் இல்லை, அறிவும் இல்லை. 'இதை என்னால் முடிக்க முடியுமா' என்ற சந்தேகம்தான். காதல் நாவல் அந்தச் சந்தேகத்தை முதல் பக்கத்திலேயே தீர்த்துவிடுகிறது. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நமக்குத் தெரியும். எப்படிச் சேர்வார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். பேய்க்கதை நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததே நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. வழி வேறானாலும் இரண்டும் வாசகரைக் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஒரு புத்தகத்தை முடித்துவிட்டோம் என்ற நிறைவுதான் அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும். பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவல்களின் பலமும் அதுதான்: மெலிந்த புத்தகம், பேச்சு நடை, ஊர் வந்து சேர்வதற்குள் முடிகிற கதை. பேய்க்கதைக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாட்டி சொன்ன முனி கதையும், எல்லைச்சாமி கதையும் ஏற்கெனவே காதில் ஏறியிருக்கின்றன. 1990களில் சன் டிவியில் 'மர்மதேசம்' பார்த்துவிட்டு இரவில் தனியாகக் கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறைக்கு, அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல் அந்நியமாக இருக்காது.

பரிந்துரை என்பதே ஒரு கலை என்பதைக் காட்டும் நல்ல சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட நூலில், காதல் நாவல்களை விரும்பிப் படித்த பெண்கள் குழு ஒன்றை ஆராய்ந்தார். அந்தக் குழுவின் நடுநாயகம், டாட் என்ற புனைபெயரால் அவர் குறிப்பிடும் புத்தகக்கடை ஊழியர். மாதாமாதம் வந்து குவியும் நாவல்களில் எது நல்லது, எது தேறாது என்று தரம் பிரித்துச் சொல்வார். அதற்கென்று செய்திமடலே நடத்தினார். சோக முடிவும், நாயகியை வன்முறைக்கு உள்ளாக்கும் காட்சியும் தன் வாடிக்கையாளர்களுக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்குக் கதையைவிட, படிக்கும் செயலே முக்கியமாக இருந்தது என்பது ராட்வேயின் கண்டுபிடிப்பு. புத்தகத்தைத் திறந்தால், "இந்த நேரம் என்னுடையது" என்று வீட்டாருக்குச் சொல்லாமல் சொல்வதாக அர்த்தம். சமையலறை வேலை முடிந்த மதியத்தில் ரமணிசந்திரனோடு உட்கார்ந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் லெண்டிங் லைப்ரரிக்காரர்களும் டாட் பரம்பரைதான். "இது வேண்டாம்மா, கடைசியில அழ வச்சிடும்" என்று புத்தகத்தைத் திரும்ப வாங்கி வைக்கும் ஒருவரிடம், பட்டியல் போடும் பத்து விமர்சகர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: எதிரே நிற்பவரைத் தெரியும்.

இனி இந்தப் பரிந்துரை வழக்கத்தின் குறைகள். முதல் குறை, படிக்கட்டுப் புத்தி. "இப்போதைக்கு இதைப் படி, அப்புறம் நல்ல எழுத்துக்கு வரலாம்" என்பார்கள். கையில் கொடுக்கும்போதே அந்தப் புத்தகத்தை மட்டம் தட்டிவிடுகிறோம். வாங்குகிறவருக்கும் அது உறைக்கும். அதைவிடப் பெரிய பிழை, காதலும் பேயும் கீழ்ப்படியில் மட்டுமே குடியிருப்பதாக நினைப்பது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறுகதை. வீட்டுக்குள் வந்தது ஆவியா, சொல்பவரின் மனப்பிரமையா என்பது முடிந்த பிறகும் பிடிபடாது. அதே கையால் எழுதிய 'செல்லம்மாள்', வறுமையில் நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவனின் கதை. அதைக் காதல் கதை என்று அறிமுகப்படுத்த ஏன் தயங்க வேண்டும்? இவற்றை முதல் வாசிப்புக்கே கொடுக்கலாம்.

இரண்டாவது குறை இன்னும் கனமானது: உள்ளே இருப்பதைச் சொல்லாமல் கொடுப்பது. பணக்கார நாயகனின் திமிரை ஆண்மை என்றும், நாயகியின் பொறுமையைக் குணம் என்றும் காட்டும் நாவல்கள் ஏராளம். இன்று இணையத்தில் தொடராக வரும் 'ஆன்டி ஹீரோ' கதைகள் சிலவற்றில் கட்டாயத் தாலியும் கன்னத்தில் விழும் அறையும் காதலின் முன்னுரையாகின்றன. நூறு நாவல் படித்தவர் அதை வாய்பாடு என்று கடந்து போவார். பதினாறு வயதில் முதல் நாவலாகப் படிப்பவருக்கோ அது பாடம். பேய்க்கதையிலும் இப்படித்தான். வஞ்சிக்கப்பட்டுச் செத்த பெண்தான் பெரும்பாலும் பேயாகிறாள். அவளை வஞ்சித்தவன் குடும்பத்தைக் காப்பாற்ற மந்திரவாதி வருகிறார். நியாயம் யார் பக்கம் என்று கதை கேட்பதே இல்லை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதில் மாறுபட்டது. பேயா, விஞ்ஞானமா என்று அதில் துப்பறியும் கணேஷும் வசந்துமே மல்லுக்கு நிற்கிறார்கள். வாசகரும் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். நம்பிக்கையையும் சந்தேகத்தையும் ஒரே தராசில் வைக்க இந்திரா சௌந்தர்ராஜனும் முயன்றார். என் வாசிப்பில் அவருடைய தட்டு பல இடங்களில் நம்பிக்கைப் பக்கமே தாழ்கிறது. அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கேட்காமலே முடிவு செய்வது. பெண் என்றால் காதல், பையன் என்றால் பேய் என்று பங்கு பிரித்துவிடுகிறோம். நமக்குப் பதினெட்டு வயதில் பிடித்ததை, வேறொரு காலத்தின் பதினெட்டு வயதுக்காரரிடம் திணிக்கிறோம்.

இத்தனை குறைகளுக்காக வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. கொடுக்கும் விதத்தைத் திருத்தினால் போதும். கடைசியாக எந்தப் படத்தைத் தூக்கத்தை விட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்கலாம். மெலிந்த புத்தகமாக ஒன்று மட்டும் கொடுக்கலாம். "நாயகன் கொஞ்சம் முரடன், எனக்கே சில இடங்களில் எரிச்சல் வந்தது" என்று ஒரு வரி சொல்லி வைக்கலாம். முப்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் மூடிவிட அனுமதியும் தரலாம்.

பரிந்துரை பலித்ததா என்பது புத்தகம் திரும்பி வரும்போது தெரிந்துவிடும். "நல்லா இருந்துச்சு, அடுத்தது கொடுங்க" என்றால் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார். "நல்லா இருந்துச்சு, ஆனா அவன் அடிச்சதுக்கு அவ எப்படி மன்னிச்சா?" என்று கேட்டால் கிடைத்திருப்பவர் விமர்சகர். அவருக்கு அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன், உட்கார வைத்துப் பேச வேண்டும்.