விரலுக்குத் தெரியும் கணம்

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிளோடு வரும் சாதாரண விசையை அழுத்தினால், மணல் புகுந்ததுபோல் நறநறவென்று இழுபடும். பலவற்றுக்கு 3 கிலோ அழுத்தம் வேண்டும். அதற்குள் குறி அசைந்துவிடும். கைஸ்லி எஸ்எஸ்ஏ-இ போன்ற இரண்டு கட்ட விசையோ வழவழவென்று பின்வாங்கி, சட்டென்று ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் அரைக்கிலோ அழுத்தம், அவ்வளவுதான். உள்ளே கவ்வி நிற்கும் எஃகு முகங்களை அத்தனை நுட்பமாக வெட்டியிருக்கிறார்கள்! விலை 200 டாலருக்கு மேல். மோசமான குழலை இது திருத்தாது. ஆனால் 100 மீட்டரில் காகித இலக்கைச் சுடுபவருக்கு, குண்டு கிளம்பும் கணம் விரலுக்கே தெரிவது பெரிய விஷயம். கொடுத்த காசு தகும். வருஷத்துக்கு ஒருமுறை மான் வேட்டைக்குப் போகிறவர், அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகலாம்.